உங்களுக்குத் தெரியுமா? ட்ரங்குப்பெட்டியில் கிடக்கும் அந்தத் தகர வட்டம்

பதுளை, பசறைப் பக்கத்து லயங்களில் பழைய ட்ரங்குப்பெட்டியைத் துழாவினால் ஓட்டை போட்ட சிறு உலோக வட்டம் ஒன்று அகப்படலாம். காசென்று நினைத்துவிடாதீர்கள், அதில் ராஜாவின் தலையும் இருக்காது, மதிப்பும் இருக்காது. அதன் பெயர் ‘டின் டிக்கட்’. 1901இல் வந்த முறை. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். எழுத்து தோட்டப் பகுதியையும், ஓர் எண் தோட்டத்தையும், இன்னொன்று அந்த ஆளையும் குறிக்கும். வழிச்செலவெல்லாம் அந்த எண்ணைப் பார்த்தே தோட்டக் கணக்கில் ஏறியது. மனிதருக்குப் பெயர் இருந்தும் தகரத்தில் அதற்கு இடமில்லை!

கம்பனிப் பெயர் பொறித்த செப்பு வில்லை என்றால் அது வேறு, இன்னும் பழையது: கொழும்புக் கோப்பி மில்களில் கூலிக்குக் கொடுத்தது.

எதுவானாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் இருபக்கமும் படமெடுங்கள். எழுத்தையும் எண்களையும் குறித்துவையுங்கள்.