இணையத்தளத்தின் உறுதி யாருடைய பெயரில்?

சென்ற மாதம் ஹொரவப்பொத்தானை வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "நானா, கடைக்கு ஒரு இணையத்தளம் செய்யப் போறன். மூன்று கம்பனி விலை தந்திருக்கு. எதை நம்பலாம்?" என்று கேட்டார். மூன்று கடிதங்களிலும் வண்ணப் படங்கள் நிறைய இருந்தன. "தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதிவாகும்?" என்று கேட்டேன். அதற்கான பதில் மூன்றிலும் இல்லை.

இந்தக் கேள்வியை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். 2014இல் ஒரு நிறுவனத்திடம் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்து எமது வியாபாரத்துக்கு இணையத்தளம் செய்வித்தேன். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. பில் புத்தகம், லொறியின் பக்கப் பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரியைப் போட்டேன். 2018இல் ஒரு நாள் தளம் திறக்கவில்லை. அதே பெயரில் இருந்த மின்னஞ்சலும் நின்றுவிட்டது. மொத்த வியாபாரிகள் அனுப்பிய விலைப்பட்டியல்கள் எனக்கு வந்து சேரவில்லை. செய்து தந்தவர்களின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. விசாரித்தபோதுதான் பெயர் அவர்களுடைய கணக்கில் பதிவாகியிருந்தது தெரிந்தது. புதுப்பிக்க நான் பணத்தோடு நின்றேன். ஆனால் எனக்கு அதில் உரிமை இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எமது வாப்பா மறக்காமல் எடுத்து வந்தது காணி உறுதியைத்தான். 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் மீளத் திரும்பியபோது, உறுதி கையில் இருந்தவர் பட்ட பாட்டையும் இல்லாதவர் பட்ட பாட்டையும் நாம் கண்டோம். அந்த வாப்பாவின் பிள்ளையாகிய நான் என் வியாபாரப் பெயரை உறுதியில்லாமல் விட்டுவிட்டேன்.

இணையத்தளம் என்பது ஒரு பொருள் அல்ல, மூன்று. முதலாவது பெயர், அதாவது முகவரி. இரண்டாவது, தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியில் நாம் வாடகைக்கு எடுக்கும் இடம். மூன்றாவது வடிவமைப்பு. கடையோடு ஒப்பிட்டால் பெயர்ப்பலகை, கட்டடம், உள்ளே அடிக்கும் றாக்கை போல. றாக்கை பழுதானால் திரும்ப அடிக்கலாம். கட்டடத்தை மாற்றலாம். பெயர் போனால் வாடிக்கையாளர் வந்து சேரும் வழியே போய்விடும்.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுளின் இலங்கை முகவரி உட்பட டொட் எல்கே பெயர்கள் சில வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. கூகுளின் கணினிக்குள் யாரும் நுழையவில்லை. பெயர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற பதிவில் மாத்திரமே கை வைத்தார்கள். கூகுளுக்கே அப்படியென்றால் நமது கடை எம்மாத்திரம்?

ஆகவே நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, பெயர் உங்கள் பெயரில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். டொட் எல்கே பெயர்களையும், 2010இல் ஐகான் அமைப்பு அனுமதித்த டொட் இலங்கை என்ற தமிழ் முடிவையும் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி நிர்வகிக்கிறது. டொட் கொம் பெயரை வேறு பதிவாளர்களிடம் வாங்கலாம். எதுவானாலும் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். கடைத் திறப்பை வேலையாளிடம் கொடுத்தாலும் ஒன்றை வீட்டில் வைக்கிறோம் அல்லவா? தவணை முடியும் திகதியையும் குறித்து வையுங்கள். டொட் கொம் பெயர் காலாவதியான பின் மீட்டெடுக்கச் சில வாரங்கள் கிடைக்கும். அதுவும் கடந்தால் யாரும் அதை வாங்கலாம்.

இரண்டாவது, நிறுவனத்தின் பதிவைப் பாருங்கள். கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு இலக்கம் இருக்கும். தனியாள் வியாபாரம் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் தம்பிமாரிலும் நம்பிக்கையானவர்கள் உண்டு. அவர்களிடம் அடையாள அட்டைப் பிரதியோடு எழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது, அவர்கள் நேற்றுச் செய்த தளத்தைப் பார்க்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் செய்து கொடுத்த இரண்டு மூன்று கடைக்காரரோடு பேசுங்கள். விலையை மாற்றச் சொன்னால் எத்தனை நாளில் மாற்றுகிறார்கள், தொலைபேசியை எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

நான்காவது, தமிழ் எழுத்து யுனிகோடில் இருக்க வேண்டும். நமது அச்சகங்களில் பழகிய பாமினி எழுத்துருவிலோ, படமாகவோ போட்டால், "வவுனியா சீமெந்து விலை" என்று தேடுபவருக்கு அந்தச் சொற்கள் அகப்படாது. தளத்தைக் கைத்தொலைபேசியில் திறந்தும் பாருங்கள். வாடிக்கையாளர் பெரும்பாலும் அதில்தான் பார்க்கிறார்.

ஐந்தாவது, "கூகுளில் முதலிடம் உத்தரவாதம்" என்பவரிடம் அவதானமாக இருங்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

ஆறாவது, எல்லாவற்றையும் எழுதுங்கள். எத்தனை பக்கம், எந்த மொழிகள், வருடாந்தக் கட்டணம் எவ்வளவு, பிரிந்து போகும்போது கோப்புகளின் முழுப் பிரதி கிடைக்குமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னஞ்சல் மூலம் செய்தது என்பதற்காக மாத்திரம் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். ஆனாலும் "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடுகிறோம். எழுதுவது சந்தேகத்தினால் அல்ல. நட்பு கெடாமல் இருக்கத்தான்.

தவறெல்லாம் அவர்கள் பக்கம் என்று சொல்ல மாட்டேன். படமும் விலைப்பட்டியலும் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்து, கடைசித் தவணையையும் கொடுக்காத முதலாளிமாரை நான் அறிவேன். ஆகவே பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். தொடங்கும்போது ஒரு பகுதி, மாதிரியைக் காட்டியதும் ஒரு பகுதி, கடவுச்சொற்கள் கைக்கு வந்ததும் மிகுதி. வேலை முடிந்த அன்றே அந்த மிகுதியைக் கொடுத்துவிடுங்கள்.

நண்பர் மூன்று நிறுவனங்களுக்கும் இதே கேள்விகளை அனுப்பினார். ஒன்று பதில் தரவில்லை. ஒன்று "அதெல்லாம் நாங்க பார்த்துக்கொள்வோம்" என்றது. மூன்றாவது நிறுவனம், "உங்கள் பெயரில்தான் பதிவோம், மின்னஞ்சல் முகவரியைத் தாருங்கள்" என்றது. மூன்றிலும் விலை கூடியது அதுதான். நண்பர் அதையே எடுத்தார்.

ஏற்கனவே இணையத்தளம் வைத்திருக்கும் சகோதரர்கள் இன்று கடை அடைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். செய்து தந்தவரை அழைத்து, பெயர் யாருடைய கணக்கில் இருக்கிறது, தவணை எப்போது முடிகிறது என்று கேளுங்கள். அவர் தொலைபேசியை எடுக்கும் காலத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.