ஐம்பொறிகளின் ஐந்தொகை

உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வரிசைப்படுத்திய தொல்காப்பியர், மரபியலில் ஓர் ஏணியை அமைத்துக் காட்டுகிறார். தொட்டுணர்வது முதற்படி. நாவின் சுவை சேர்ந்தால் இரண்டு. மூக்கு சேர்ந்தால் மூன்று. கண் சேர்ந்தால் நான்கு. செவி சேர்ந்தால் ஐந்து. மனம் சேர்ந்தால் ஆறு. புல்லும் மரமும் முதற்படியில் நிற்க, மனிதர் ஆறாம் படியில் நிற்கின்றனர்.

திருக்கோயில் வழிபாடு இந்தப் படிகள் அனைத்தையும் தொட்டே நடைபெறுகிறது. வெறுங்கால் கருங்கல்லை உணர்கிறது. தீர்த்தம் நாவுக்கு, பூவும் தூபமும் மூக்குக்கு, தீபம் கண்ணுக்கு, மணியோசை செவிக்கு. இவை ஐந்தும் சென்று சேரும் இடம் மனம்.

அறுபதைக் கடந்தபின் இப்பொறிகள் மெல்ல மங்குகின்றன என்பது அனைவரும் அறிந்ததே. அவ்வாறு மங்குவது உரியவருக்கே தெரிவதில்லை என்பதுதான் பலரும் அறியாதது. மாதந்தோறும் சிறு தொகை கழிந்துவரும் கணக்கில் இருப்புக் குறைவது கண்ணில் படாது. ஆண்டுக்கொரு முறை ஐந்தொகை எடுத்துப் பார்த்தால்தான் புலப்படும். பொறிகளுக்கும் அத்தகைய ஐந்தொகை தேவை.

மெய்

உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். விரித்தால் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்பு வரும். அழுத்தம், அதிர்வு, வெப்பம், குளிர்ச்சி, வலி ஆகியவற்றை அறியும் நரம்பு முனைகள் அதில் தனித்தனியே அமைந்துள்ளன. விரல் நுனியில் அவை நெருக்கமாகவும் முதுகில் அரிதாகவும் உள்ளன. ஆகவேதான் திருநீற்றின் மென்மையை விரல் அறியும் அளவுக்கு முதுகு அறிவதில்லை. வெப்பத்தையும் தொடுகையையும் நரம்புகள் உணரும் வகையைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியான் ஆகிய இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நெடுநாள் நீரிழிவு உடையவர்களுக்குப் பாத நரம்புகள் பழுதடைவதுண்டு. சித்திரை மாத நண்பகலில் கொதிக்கும் பிராகாரக் கல்லை அவர்கள் வலம் வரும்போது, சுடுகிறது என்ற செய்தி மூளையைச் சென்றடைவதே இல்லை. கால் சுடாததை இறையருள் என்று கருதி மகிழ்வோரும் உண்டு. இரவில் கொப்புளத்தைக் கண்ட பின்னரே, அது நரம்பின் மௌனம் என்று விளங்கும். ஆறாத புண் விரலையே இழக்கச் செய்யக்கூடும். வெயிலுக்கு முன்போ பின்போ வலம் வருவதும், ஒவ்வோர் இரவும் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்ப்பதும், இயலாதவர் வீட்டாரைப் பார்க்கச் சொல்வதும் நலம்.

நாக்கு

நாவில் சில ஆயிரம் சுவை மொட்டுகள் உள்ளன. அவற்றின் உயிரணுக்கள் ஏறத்தாழ பத்து நாள்களில் அழிந்து, புதியவை தோன்றுகின்றன. முதுமையில் இந்தப் புதுப்பித்தல் தளர்கிறது.

நம் மரபு அறுசுவை என்றது. அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கோடு, 1908இல் ஜப்பானியர் கிகுனே இகேடா இனங்கண்ட உமாமி என்னும் சுவையைச் சேர்த்து ஐந்து என்கிறது. கார்ப்பு சுவை மொட்டுகளால் அறியப்படுவதன்று. வெப்பத்தை உணரும் அதே நரம்பு முனைகளை மிளகும் மிளகாயும் தூண்டுவதால் நாவில் நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது. ஆஞ்சநேயருக்குச் சாற்றிய மிளகு வடை ஆறிய பின்னும் சுடுவதன் காரணம் இதுவே. துவர்ப்போ பெரும்பாலும் நாவின் தோல் உணரும் இறுக்கம். முன்னோர் நாவின் அனுபவத்தை எண்ணினர். அறிவியலார் நரம்பின் வழியை எண்ணினர். எண்ணிக்கை வேறுபட்டாலும் முரண்பாடு இல்லை.

பல இல்லங்களில் மருமகளின் சமையலில் உப்புக் குறைகிறது என்ற மனக்குறை எழுவதுண்டு. உண்மையில் குறைந்தது உப்பாக இராது; உப்பை அறியும் திறனாக இருக்கலாம். சில மருந்துகளும் வாய் வறட்சியும் சுவையை மாற்றும். மேலும் உப்பைச் சேர்த்தால் இரத்த அழுத்தம் உயரும். எலுமிச்சையும் இஞ்சியும் கறிவேப்பிலையும் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும்.

மூக்கு

மூக்கின் மேற்கூரையில், அஞ்சல்தலை அளவேயான ஒரு படலம் மணத்தை அறிகிறது. அதில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஏனைய புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள ஒரு நிலையத்தில் நின்று செல்கின்றன. மணத்தின் செய்தியோ அங்கு நில்லாமல், நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதிகளை அடைகிறது. பச்சைக் கற்பூரத்தின் ஒரு மூச்சு அறுபதாண்டுக்கு முந்தைய மார்கழி விடியலைக் கொண்டுவந்து நிறுத்துவது இதனாலேயே.

இத்திறன் மங்கினால் இழப்பு மணத்தோடு நிற்பதில்லை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே அதில் நாற்றமுள்ள வேதிப்பொருளைக் கலக்கின்றனர். அந்த நாற்றத்தை அறிய இயலாத முதியவர் தனியே வாழும் வீட்டில், கசிவை அறிவிக்கும் கருவி ஒன்று இருத்தல் வேண்டும். காரணமின்றி மணமே தெரியாமற்போனால் மருத்துவரிடம் கூறவேண்டும். சில நரம்பு நோய்களின் முன்னறிகுறியாகவும் அது அமைவதுண்டு.

கண்

விழித்திரையில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. வண்ணமும் நுட்பமும் காட்டும் கூம்பு அணுக்கள் ஏறத்தாழ 60 லட்சம். மங்கிய ஒளியில் பார்வை தரும் குச்சி அணுக்கள் ஏறத்தாழ 12 கோடி. வெயிலில் நிற்கும்போது குச்சி அணுக்களின் நிறமி வெளிறிவிடுகிறது. இருளில் அது மீண்டும் முழுமையாக ஊற 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். முதுமையில் இன்னும் கூடுதலாகும். கண்மணியின் துளையும் சுருங்கி, கண்ணின் லென்ஸும் மஞ்சளாவதால் உள்ளே செல்லும் ஒளி வேறு குறைகிறது.

வெளிப் பிராகாரத்து வெயிலிலிருந்து அர்த்தமண்டபத்தின் அரையிருளில் நுழையும் முதியவருக்கு, முதற்சில நொடிகள் மூலவர் மட்டுமல்லாமல் வாயிற்படியும் தெரியாது. அத்தகைய இடங்களில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுண்டு. மகாமண்டபத்தில் ஒரு தூணருகே சற்று அமர்ந்து, கண் பழகிய பின் உட்செல்வதே நன்று.

கண்புரையை எளிய அறுவையால் நீக்கலாம். கண்நீர் அழுத்த நோய் அவ்வாறன்று. வலியின்றிப் பக்கப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்க ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும்.

செவி

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழலில், ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் காத்திருக்கின்றன. ஜால்ராவின் கூரிய ஒலி குழலின் வாயிலருகிலும், தவிலின் கனத்த ஒலி உட்கோடியிலும் உணரப்படும். இந்த அலையின் போக்கை ஆராய்ந்த கியோர்க் வான் பெகேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

அழிந்த நுண்மயிர் அணு மீண்டும் முளைப்பதில்லை. வாயிலருகே உள்ளவை முதலில் அழிகின்றன. எனவே கூரிய ஒலிகளே முதலில் மறைகின்றன. தாழ்ந்த அதிர்வில் வலுவாக ஒலிக்கும் உயிரெழுத்துகள் கேட்க, மெய்யெழுத்துகள் பல நழுவிவிடும். ‘குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை’ என்று முதியோர் கூறுவது இதனால்தான். கத்திப் பேசினால் பயனில்லை. முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் விளங்கும்.

பேச்சு விளங்காதவர் நாளடைவில் பேச்சிலிருந்தே ஒதுங்குகிறார். வீட்டார் அதைக் கோபம் என்றோ, அலட்சியம் என்றோ கொள்கின்றனர். நடுவயதில் தொடங்கும் செவித்திறன் குறைவை, மறதி நோய்க்கான தவிர்க்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. கண்ணாடி அணிய எவரும் நாணுவதில்லை. செவித்துணைக் கருவிக்கு மட்டும் ஏன் அந்த நாணம்?

உட்செவியிலேயே நிலைகாக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் உள்ளன. ஆத்மப் பிரதட்சிணம் செய்து நின்ற பின்னும் அவற்றினுள் நீர் சுழன்றுகொண்டிருப்பதால் தலை சுற்றுகிறது. தூணைப் பற்றிக்கொண்டு மெல்லச் சுற்றுவதால் பக்தி குறைந்துவிடாது.

மனம்

பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை அறியும் அணு ஒன்றுகூட இல்லை. ஆயினும் காட்சியில் ஓட்டை இருப்பதை எவரும் காண்பதில்லை. மூளை அதைத் தானே நிரப்பிவிடுகிறது. வளரும் குறைகளையும் அது அவ்வாறே மறைக்கிறது. பொறி பழுதாகும்போது நன்றாகவே இருக்கிறது என்று பொய்க்கணக்கு எழுதுவது மனம்தான். ஆகவே தன் சொல்லை மட்டும் நம்பாமல், மருத்துவரின் சோதனையையும் உடன் வாழ்வோரின் சொல்லையும் ஏற்பதே அறிவுடைமை.

பூசை முறையை வகுத்த பெரியோர் ஒரே வாயிலை நம்பி அதை வகுக்கவில்லை. பார்வை மங்கியவர் தீபத்தின் வெம்மையை உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். செவி மங்கியவர் மணியசைவதைக் காண்கிறார். மணம் அறியாதவர் நாவில் துளசியை உணர்கிறார். ஒரு வாயில் சாத்தினாலும் மற்றவை திறந்தே இருக்கும். அவற்றைக் காத்துக்கொள்வது முதியோர் கடமை. கருவறை முன் அவர் கண் பழகும்வரை அவசரப்படுத்தாமல் முழங்கையைப் பற்றி நிற்பது, உடன் வரும் இளையோர் கடமை.