புகைபிடிக்காதவருக்கும் இந்நோய் வருவது ஏன்?

“பீடி, சுருட்டு எதையும் நான் தொட்டதே இல்லையே, எனக்கு எப்படி இந்த நுரையீரல் நோய் வந்தது?” கிராமங்களிலிருந்து எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வரும் தாய்மார் பலர் இவ்வாறு கேட்கின்றனர். உடன்வரும் பிள்ளைகள், ஊரருகே செல்லும் லாரிகளே காரணம் என்பர். டீசல் வண்டிகள் கரி உமிழ்வது உண்மையே. ஆயினும் கிராமத்துக் காற்றிலுள்ள கரி எங்கே பிறக்கிறது என்பதை அறிவியலார் அளந்தே பார்த்துள்ளனர்.

எரிபொருள் முழுமையாக எரியாதபோது கரித்துகள் உண்டாகிறது. பானையின் அடியிலும் அடுக்களைக் கூரையிலும் படிவது இதுவே. காற்றில் மிதக்கும் துகள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கினும் சிறியது. ஆதலால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது.

அதன் பிறப்பிடத்தைக் காட்டும் முதற்சாட்சி கடிகாரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்ரன் இராமநாதன் தலைமையிலான ‘சூரியா’ திட்டத்தினர், கங்கைச் சமவெளியின் சிற்றூர் ஒன்றில் கருவிகளை நிறுவினர். காலை 5 முதல் 8 மணி வரையும் மாலை 5 முதல் 7 மணி வரையும் கரியின் அளவு ஏறியது. அவை அடுப்பெரியும் வேளைகள். அப்போது வீட்டினுள் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் கரி இருந்தது; வெளியிலும் அதில் பாதியளவு இருந்தது. ஆகவே, ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டாரையும் சேர்கிறது.

இரண்டாம் சாட்சி கரிக்குள்ளேயே இருக்கிறது. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரிமத்தைப் பெறுகிறது. பல கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த பெட்ரோலியத்தில் அது முற்றிலும் அழிந்திருக்கும். புனே அருகிலுள்ள சிங்ககட்டிலும் மாலத்தீவிலும் சேகரித்த கரியை இம்முறையில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். அக்கரியில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரு பங்குவரை விறகு, வறட்டி, பயிர்க்கழிவு போன்றவற்றை எரித்ததால் வந்தது எனத் தெரிந்தது.

இதனை இங்கு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. “புகைபிடிப்பீர்களா?” என்ற வினாவுக்கு “இல்லை” என்று விடை வந்ததும், நாங்களும் முன்னர் அத்துடன் நிறுத்திவிட்டோம். முப்பது ஆண்டுகள் விறகடுப்பின்முன் அமர்ந்திருந்த செய்தி குறிப்பேட்டில் ஏறவில்லை. எரிவாயு அடுப்பு வந்த பின்னும் பல வீடுகளில் குளிக்க வெந்நீர் போடுவதும் நெல் அவிப்பதும் விறகில்தான். “எங்கள் வீட்டில் கேஸ்தான்” என்பவரிடமும் அதனைக் கேட்டறிய வேண்டியுள்ளது.

நாட்பட்ட இருமலோ மூச்சிரைப்போ உள்ளவர், அடுத்த முறை வரும்போது எத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தார், அடுக்களையில் புகைபோக்கி உண்டா, இன்றும் எதற்கேனும் விறகு எரிக்கிறாரா என்பவற்றைப் புறநோயாளிச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொண்டுவருக. எழுத இயலாதவருக்கு உடனிருப்போர் எழுதித் தரலாம். அடுப்பெரியும் வேளையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துச் சமைப்பவர் வீட்டில் இருந்தால், அதனையும் குறிப்பிடுக.