மல்லாட்டை இலையைத் திருப்பிப் பாருங்கள்



மல்லாட்டை போட்டு 80 நாள் ஆகியிருக்கும். காலையில் கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் செடியடியில் இலை கொட்டிக் கிடக்கும். நுனியில் நாலு கொழுந்து மட்டும் பச்சையாக நிற்கும். "முத்திடுச்சி சார், அதான் இலை கொட்டுது. ஆள் விட்டுப் பிடுங்கிடலாமா?" என்று கேட்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். 105 நாள் ரகம் 80 நாளில் எப்படி முத்தும்? இரண்டு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். முத்திய காயின் ஓடு உள்பக்கம் கருத்திருக்கும். வெள்ளையாக இருந்தால் காய் இன்னும் முத்தவில்லை. நோய் கண்டு செடி இலையை உதிர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை என்போம், மணிலா என்றும் சொல்வோம். மற்ற ஊர்களில் கடலை, வேர்க்கடலை. புத்தகத்தில் நிலக்கடலை. பேர் எதுவானாலும் இலையில் கரும்பொட்டு விழுவது எல்லா ஊரிலும் உண்டு. இதற்கு டிக்கா நோய் என்று பேர். கவனிக்காமல் விட்டால் விளைச்சலில் பாதி வரை போய்விடும். இலை கொட்டுவது மட்டும் நஷ்டம் இல்லை. காயைத் தாங்கும் விழுதிலும் புள்ளி விழுந்து அது இற்றுப் போகிறது. செடியைப் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பிறகு கூலி கொடுத்துக் கொத்திப் பொறுக்க வேண்டும்.

டிக்கா என்று ஒரே பேராகச் சொல்கிறோமே, அதில்தான் சிக்கல். இது ஒரு நோய் இல்லை, இரண்டு. பங்காளிகள் போல நெருங்கிய உறவுள்ள இரண்டு பூசணங்கள் இந்தப் பொட்டுகளை உண்டாக்குகின்றன. பூசணம் என்றால் வேறொன்றும் இல்லை, மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியின் மேல் படருமே, அந்தக் கூட்டம்தான். செடிக்கு விதை எப்படியோ, பூசணத்துக்கு வித்து அப்படி. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பேர். நம் தலைமயிரின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். இந்த வித்துக்களை அந்த அளவில்தான் அளக்க வேண்டும்.

முதல் பங்காளிக்குச் செர்க்கோஸ்போரா அராகிடிகோலா என்று பேர். 1917இல் ஜப்பானில் ஹோரி என்பவர் வைத்த பேர் அது. விதைத்து ஒரு மாதத்திலேயே தலை காட்டுவதால் முன்பருவ இலைப்புள்ளி என்கிறோம். மற்றவனுக்கு விஞ்ஞானிகள் பேரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். செர்க்கோஸ்போரா பெர்சனேட்டா என்றார்கள், பிறகு செர்க்கோஸ்போரிடியம் என்றார்கள், இப்போது நோத்தோபஸ்ஸலோரா என்கிறார்கள். நமக்குப் பின்பருவ இலைப்புள்ளி என்று சொன்னால் போதும். இரண்டையும் ஒன்று என்றே பலர் நினைத்திருந்த காலம் உண்டு. அமெரிக்காவில் மல்லாட்டை நிறைய விளையும் ஜார்ஜியா மாநிலத்தில் நவோமி உட்ராஃப் என்ற பெண் ஆராய்ச்சியாளர் 1933இலும், ஜென்கின்ஸ் என்பவர் 1938இலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது வேறு அது வேறு என்று விவரமாக எழுதினார்கள்.

எப்படிப் பிரித்தார்கள்? வித்தின் உருவத்தை வைத்துத்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் முன்பருவப் பூசணத்தின் வித்து மாட்டுச் சாட்டை மாதிரி இருக்கும். அடி கொஞ்சம் தடித்து, நுனி போகப் போக மெலிந்து, லேசாக வளைந்திருக்கும். நிறம் இருக்காது, இருந்தாலும் வெளிர் நிறம்தான். நீளம் 35 முதல் 110 மைக்ரான் வரை, பருமன் 3 முதல் 6 வரை. நடுநடுவே மூங்கில் கணுப் போலக் குறுக்குச் சுவர்கள். பின்பருவப் பூசணத்தின் வித்து அதற்கு நேர் எதிர். குட்டை, தடி. நீளம் 20 முதல் 70, பருமன் 4 முதல் 9. நிறமும் பச்சை கலந்த பழுப்பு. சுருட்டு என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். கல்லூரியில் முதன்முதலாக இரண்டையும் ஒரே கண்ணாடித் துண்டில் பார்த்தபோது, இதையா ஒன்று என்று நினைத்தார்கள் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

"நுண்ணோக்கிக்கு நாங்க எங்க சார் போறது?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. வித்து எங்கே உட்காருகிறது என்று பார்த்தாலே போதும். முன்பருவப் பூசணம் பெரும்பாலும் இலையின் மேல்பக்கத்தில் வித்து வைக்கும். பின்பருவப் பூசணம் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் வைக்கும். அதனால் இலையைப் பறித்து முதலில் மேலே பாருங்கள், அப்புறம் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பழுப்பாகவும் அடியில் வெளிறிய பழுப்பாகவும் தெரிந்தால் அது முன்பருவப் புள்ளி. திருப்பினால் கன்னங்கரேலென்று கரி அப்பியது போல இருந்து, அதிலே வட்ட வட்டமாகப் பொடிப் புள்ளி வைத்த மாதிரி தெரிந்தால் அது பின்பருவப் புள்ளி. அந்தப் பொடிப் புள்ளி ஒவ்வொன்றும் சுருட்டு வித்துக்கள் நிற்கும் கொத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இருக்கும் கைலென்சு போதும், கொத்து நன்றாகத் தெரியும்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் முன்பருவம், இல்லாவிட்டால் பின்பருவம் என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் நம்பாதீர்கள். ரகத்துக்கு ரகம், வெயிலுக்கு வெயில் அந்த வளையம் மாறும். பின்பருவப் புள்ளியிலும் சில சமயம் லேசான மஞ்சள் தெரியும். அடிப்பக்கக் கருப்புதான் நம்பத் தகுந்த அடையாளம்.

இலைக்குள்ளே போன பிறகும் இரண்டுக்கும் நடத்தை வேறு. முன்பருவப் பூசணம் முன்னாலிருக்கும் அணுக்களைச் சாகடித்துவிட்டு, செத்த இடத்தில் முன்னேறும். பின்பருவப் பூசணம் உயிருள்ள அணுக்களுக்குள் உறிஞ்சு வேர்களை விட்டுச் சத்தை இழுக்கும்.

இலையைத் திருப்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது என் சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருவர் கொல்லையில் 55 நாள் பயிர். வரப்பில் நின்றபடியே இரண்டு இலையை மேலாகப் பார்த்தேன். கரும்புள்ளி இருந்தது. "டிக்காதான், கார்பெண்டாசிம் அடிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரும் அடித்தார். 15 நாள் கழித்து மறுபடியும் அடித்தார். நோய் நிற்கவில்லை, கொல்லையே தீய்ந்த மாதிரி ஆகிவிட்டது. இலை காய்ந்து செடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி போய் இலையைத் திருப்பினால் அடியெல்லாம் செங்கல் பொடி தூவியது போலத் துரு. விரலில் ஒட்டிக்கொண்டது. புள்ளி கொஞ்சம்தான், துருதான் அதிகம். கார்பெண்டாசிம் இலைப்புள்ளியைக் கேட்கும், துருவை ஒன்றும் செய்யாது. முந்தின வருஷம் ஏக்கருக்கு 20 மூட்டை எடுத்தவர் அந்த வருஷம் 12 மூட்டையோடு நின்றார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வீட்டம்மாதான், "அன்னிக்கே எலைய ஒருக்கா திருப்பிப் பாத்திருக்கலாமில்ல சார்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

துருப் பூசணம் இந்தப் பங்காளிகளுக்கு உறவே இல்லை. பக்சினியா அராகிடிஸ் என்ற வேறு குலம். அதன் வித்து உருண்டைக்கும் முட்டைக்கும் நடுவான வடிவம், 25 மைக்ரான் அளவு, மேலெல்லாம் பொடி முள். 1969க்கு முன்னால் பெரும்பாலும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கமே இருந்தது. அதற்குப் பிறகு நம் நாடு உட்பட மல்லாட்டை விளையும் தேசமெல்லாம் பரவிவிட்டது.

இனி இவை எங்கே குடியிருக்கின்றன என்று பார்ப்போம். மூன்றும் மல்லாட்டைக் குடும்பத்தை விட்டு வெளியே போவதில்லை. "பக்கத்துக் கொல்லை எள்ளுல புள்ளி இருக்கே, அது இங்க தாவுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தாவாது. எள்ளில் வருவது செர்க்கோஸ்போரா செசாமி. உளுந்து, பச்சைப்பயறில் வருவது செர்க்கோஸ்போரா கேனசன்ஸ், அதன் வித்து நிறமில்லாமல் ஊசி போல நீண்டிருக்கும். பேரில் பாதி ஒன்றாக இருந்தாலும் அதது தன் வீட்டில்தான் சாப்பிடும். ஆகவே மல்லாட்டைக்குப் பிறகு எள்ளோ உளுந்தோ கம்போ கேழ்வரகோ தாராளமாகப் போடலாம். மல்லாட்டை மேல் மல்லாட்டை போடுவதுதான் வம்பு.

ஏனென்றால் அந்த இரண்டு இலைப்புள்ளிப் பூசணங்களும் கொட்டிய இலையிலும் அறுந்த தண்டிலும் மண்ணோடு மண்ணாகக் காத்திருக்கும். மார்கழிப் பட்டத்துக் கடலையைச் சித்திரையில் பிடுங்குகிறோம். ஆடியில் மறுபடி அதே கொல்லையில் விதைக்கிறோம். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது வித்தும் தெறித்து முதல் இலையில் உட்காரும். துருவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதற்கு உயிருள்ள செடி வேண்டும். சருகில் கிடக்கும் துரு வித்து கோடை வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் நாம் அதற்கும் வழி செய்து கொடுக்கிறோம். மண்ணில் தங்கிய காய் கோடை மழையில் தானாக முளைக்கிறது. மாட்டுக்கு ஆகும் என்று விட்டுவிடுகிறோம். அந்தச் செடியில்தான் துரு கோடையைக் கழிக்கிறது. இலைப்புள்ளிக்கும் அது சத்திரம்தான்.

ஆகவே பிடுங்கியதும் கோடை உழவு ஆழமாகப் போட்டுச் சருகை மண்ணுக்கு அடியில் தள்ளுங்கள். தானாக முளைத்ததைப் பார்த்ததும் பிடுங்குங்கள். கொடியைப் போர் போடுவதானால் அடுத்த பட்டம் விதைக்கும் கொல்லை ஓரத்தில் போடாதீர்கள். மூன்று வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை கம்பு அல்லது சோளம் ஊடுபயிராகப் போட்டால் பின்பருவப் புள்ளி குறைகிறது. காற்றில் பறக்கும் வித்துக்கு அது ஒரு தட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் ரகமும் உண்டு. கர்நாடகத்துத் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 துருவையும் பின்பருவப் புள்ளியையும் தாங்கும். அந்தத் தாங்கும் குணம் தென் அமெரிக்கக் காட்டுக் கடலை இனம் ஒன்றிலிருந்து எடுத்தது.

மருந்துக்கு வருவோம். 30ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை கொல்லையின் நாலு மூலையிலும் நடுவிலும் அடி இலைகளைப் பறித்துப் பாருங்கள். புள்ளி மட்டும் என்றால் ஏக்கருக்குக் கார்பெண்டாசிம் 200 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். துருவும் இருந்தால் மாங்கோசெப் 400 கிராம், அதே அளவு தண்ணீரில். இது புள்ளியையும் சேர்த்துக் கேட்கும். தேவைப்பட்டால் 15 நாள் கழித்து இன்னொரு முறை. கார்பெண்டாசிமையே திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அதே ஜாதி மருந்தான பெனோமிலை விடாமல் அடித்து, 1970களில் அமெரிக்காவின் அலபாமாவில் இந்த இரண்டு பூசணமும் மருந்துக்கு அசையாமல் பழகிவிட்டன. மாங்கோசெப் பட்ட இடத்தை மட்டுமே காக்கும். பின்பருவப் புள்ளியும் துருவும் இலைக்கு அடியில்தான் குடியிருக்கின்றன. ஆகவே தெளிப்பான் மூக்கைக் கொஞ்சம் மேல் நோக்கிப் பிடித்து அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். மேலே மட்டும் நனைத்துவிட்டு, மருந்து சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. மருந்தடித்த கொடியை உடனே மாட்டுக்குப் போடாதீர்கள். எத்தனை நாள் கழிய வேண்டும் என்று டப்பாவின் மேலேயே போட்டிருக்கும்.

சந்தேகம் வந்தால் பத்து இலையைப் பறித்து எங்களிடம் கொண்டு வாருங்கள். பாலிதீன் பையில் போட்டுக் கட்டி எடுத்து வராதீர்கள். வந்து சேர்வதற்குள் வியர்த்து அழுகி, அதன் மேல் வேறு பூசணம் ஏறிவிடும், அப்புறம் எது எதுவென்று எங்களுக்கே தெரியாது. பழைய செய்தித்தாளில் மடித்து, எத்தனையாம் நாள் பயிர், எந்த ரகம், போன பட்டம் என்ன போட்டிருந்தீர்கள் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.