உஷார்! டிக்கியில் ஏறும் ரெடிமேட் பாக்ஸ்

பனியன் கம்பெனிகளில் தீபாவளி போனஸ் பட்டுவாடா தொடங்கிவிட்டால் திருப்பூரில் கார் ஆக்சஸரீஸ் கடைகளிலும் கூட்டம் ஏறிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு ஒரு 12 இஞ்ச் சப்-வூஃபர், ஓர் ஆம்ப், கருப்புக் கார்பெட் ஒட்டி, காற்று போய்வர ஒரு பைப் வைத்த போர்ட்டட் பாக்ஸ். மதியத்துக்குள் மாட்டி, பாட்டுப் போட்டுக் காட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடி அதிரும், மனசும் நிறைந்துவிடும். ஆனால் அந்தப் பாக்ஸ் உங்கள் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டுச் செய்ததா என்று யாராவது கேட்கிறோமா?

கேளுங்கள். "எல்லாருக்கும் இதே பாக்ஸ்தாங்ணா போட்டுத் தர்றோம், இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் இல்லீங்க" என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். 12 இஞ்ச் என்பது ஸ்பீக்கரின் அகலம் மட்டும்தான். அதன் கோன் எவ்வளவு கனம், கோனைத் தாங்கும் ஸ்பைடர் எவ்வளவு விறைப்பு, காந்தம் எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. ஒன்றுக்குப் பொருந்திய பாக்ஸ் இன்னொன்றைக் கொன்றுவிடும். நிதானமாக, சில மாதங்களில் கொல்லும் என்பதால்தான் யாரும் பாக்ஸைச் சந்தேகப்படுவதில்லை. ஸ்பீக்கர் டூப்ளிகேட் என்று சொல்லி அடுத்ததை வாங்கி அதே பாக்ஸில் மாட்டுகிறார்கள்.

காலி சோடா பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதினால் ஒரே ஒரு சுருதிதான் வரும். பாதித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஊதினால் சுருதி ஏறிவிடும். போர்ட்டட் பாக்ஸும் இப்படித்தான். உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி, பைப்புக்குள் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் கட்டிய எடை மாதிரி. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் ஆடும். அதுதான் பாக்ஸின் ட்யூனிங். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் துராஸ் இதற்குப் பேட்டன்ட் வாங்கியது 1932-இல். எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர், எந்த ட்யூனிங் என்று கணக்காகச் சொல்லும் வழியை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதினார், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., க்யூ.இ.எஸ்., வி.ஏ.எஸ். என்று குட்டி எழுத்தில் அச்சிட்டிருப்பது இவர்கள் கணக்குக்கான எண்கள். அந்த எண்கள் தெரியாத ஸ்பீக்கருக்கு யாராலும் போர்ட்டட் பாக்ஸ் சரியாகச் செய்ய முடியாது. எஃப்.எஸ். எண்ணை க்யூ.இ.எஸ். எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 50-க்குக் கீழே வந்தால் பைப்பே வேண்டாம், சீல்டு பாக்ஸ் போதும். 100-ஐ நெருங்கினால் போர்ட்டட் பொருந்தும். முப்பது விநாடி வேலை இது.

பைப்பின் நீளத்தில் எவ்வளவு விளையாடிவிடலாம் என்று பாருங்கள். ஸ்பீக்கரும் பைப்பும் அடைக்கும் இடத்தைக் கழித்து நிகரமாக 50 லிட்டர் பாக்ஸ் ஒன்று. அதில் உள்விட்டம் 4 இஞ்ச் உள்ள பைப். 35 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆக அந்தப் பைப் ஏறத்தாழ 12¾ இஞ்ச் நீளம் இருக்க வேண்டும். பாக்ஸ் ஆழம் பற்றவில்லை என்று 6 இஞ்சில் வெட்டி ஒட்டிவிட்டால் ட்யூனிங் 46 ஹெர்ட்ஸுக்கு ஓடிவிடும். "ரெண்டு பைப் போட்டா இன்னும் அடிக்குங்ணா" என்று 12¾ இஞ்ச் நீளத்தை மாற்றாமல் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தால் 49 ஹெர்ட்ஸையும் தாண்டும். வெளியில் பார்த்தால் முதல் இரண்டு பாக்ஸும் அச்சு அசல் ஒன்றுதான். அதே கார்பெட், அதே ஸ்டிக்கர்.

46 ஆனால் என்ன, நன்றாக 'டம் டம்' என்று அடிக்கிறதே என்கிறீர்களா? ஆபத்து அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறது. ட்யூனிங் ஹெர்ட்ஸில் கோன் அநேகமாக அசையாது, வேலை முழுவதையும் பைப் காற்று செய்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் கோன் தள்ளும் காற்று பைப் வழியாகச் சும்மா வெளியே போய்விடும். முட்டுக் கொடுக்க ஸ்பிரிங் இல்லை. ஸ்பீக்கரைப் பாக்ஸே இல்லாமல் தரையில் போட்டு முழு வால்யூம் கொடுத்ததற்கு அது சமம். நம் பழைய சினிமாப் பாட்டுகளில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் இருக்காது, அதனால் தப்பித்தோம். இன்றைக்கு 'பேஸ் பூஸ்டட்' என்று சுற்றும் ரீமிக்ஸ்களில் 30 ஹெர்ட்ஸ் வரை இழுத்துப் போடுகிறார்கள். 46-இல் ட்யூன் ஆன பாக்ஸில் அதைப் போட்டால் சத்தம் வராது, கோன் மட்டும் தறிகெட்டு ஆடும். சத்தம் குறைகிறதே என்று நீங்கள் பேஸ் பூஸ்டை ஏற்றுவீர்கள்.

அப்படிச் செத்த சப்-வூஃபரைப் பிரித்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். காயில் சுற்றிய குழாயின் அடிவிளிம்பு பின் தட்டில் இடித்து இடித்து நசுங்கியிருக்கும். ஸ்பைடர் ஒட்டிய பசை ஒரு பக்கம் பிளந்திருக்கும். கோனுக்குப் போகும் பின்னல் வயர் டெர்மினல் அருகே நார் நாராகப் பிரிந்திருக்கும். காயில் வார்னிஷ் தீய்ந்த அந்த வாடை ஒரு வாரத்துக்கு டிக்கியை விட்டுப் போகாது.

இதற்குத் தடுப்பு ஆம்ப்பிலேயே இருக்கிறது. சப்சோனிக் ஃபில்டர் என்று ஒரு திருகு, வைத்த எண்ணுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைத்துவிடும். ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே, அதாவது 35-க்கு ட்யூன் செய்த பாக்ஸுக்கு 28, 30 ஹெர்ட்ஸில் அதை வைக்க வேண்டும். போர்ட்டட் பாக்ஸுக்கு அந்தத் திருகு இல்லாத ஆம்ப்பை வாங்கவே வாங்காதீர்கள்.

பாக்ஸ் எந்த ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகியிருக்கிறது என்பதைக் கடையிலேயே, பணம் கொடுப்பதற்கு முன், நீங்களே சோதிக்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். சப்சோனிக் ஃபில்டரை அணைத்துவிட்டு வால்யூமை நன்றாகக் குறைத்து வையுங்கள், இந்தச் சோதனைக்குச் சத்தம் தேவையில்லை. 60 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒரு விரலைக் கோன் மேல் பட்டும் படாமலும் வையுங்கள். திருப்பூரில் பனியன் துணி நறுக்குக்கா பஞ்சம், விரல் அகலத்தில் ஒரு துண்டைப் பைப் வாயில் தொங்க விடுங்கள். இறங்கிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் விரலுக்கடியில் அதிர்வு சட்டென்று அடங்கும். அதே இடத்தில் பைப் வாயில் தொங்கும் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த எண்தான் ட்யூனிங். கடைக்காரர் 35 என்று சொல்லி, துணி 47-இல் படபடத்தால் பாக்ஸை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இன்னும் கீழே இறக்கினால் கோன் மறுபடி குதிக்கத் தொடங்குவதையும் பார்க்கலாம். அதைக் கண்ணால் பார்த்தவர் சப்சோனிக் ஃபில்டரை மறக்க மாட்டார்.

பனியன் துணி என்றதும் இன்னொன்று. பாக்ஸுக்குள் கட்டிங் வேஸ்ட், பஞ்சு எதையும் திணித்துவிடாதீர்கள். போர்ட்டட் பாக்ஸில் அது பைப் வாயை அடைக்கும். பிசிறு காந்தத்தின் பின்துளை வழியே காயில் இடுக்குக்குப் போய் உராயும். சூடான காயிலும் பருத்திப் பிசிறும் ஓரிடத்தில் சேரவே கூடாது. ஆம்ப்பின் ஃபேனுக்கும் இதே கதிதான். கம்பெனிக்குள்ளேயே நிற்கும் வண்டிகளில் பஞ்சுத் தூசி ஹீட்-சிங்க் இடுக்கெல்லாம் படிந்துவிடும். அதன் மேல் சாம்பிள் பீஸ் பண்டல்களையும் துணி ரோலையும் ஏற்றி அடுக்கினால் ஆம்ப்புக்கு மூச்சு விட வழியில்லை.

இனி வயர். எனக்குப் பயம் அதிகம் இதில்தான். ஸ்பீக்கர் போனால் பணத்தோடு போகும், வயரில் தப்பு செய்தால் வண்டியே போகும்.

ஆம்ப் மேல் 3000 வாட்ஸ், 5000 வாட்ஸ் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பக்கத்தில் சொருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் மொத்தம் 60. வண்டி ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828. கிளாஸ்-டி ஆம்ப்பில் அதில் சுமார் 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும். ஆக 660 வாட்ஸ். அதற்கு மேல் எழுதியதெல்லாம் ஸ்டிக்கர்காரர் எழுதியது. உண்மையிலேயே 1000 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் ஆம்ப் முழு மூச்சில் 90 ஆம்பியர் இழுக்கும். சிறிய கார் ஒன்றின் ஆல்டர்னேட்டர் வண்டி முழுவதற்கும் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்த 90 ஆம்பியரை பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் கொண்டுபோகக் குறைந்தது 25 ஸ்கொயர் செம்பு வயர் வேண்டும். கிட் என்று பிளாஸ்டிக் பையில் தொங்குபவற்றில் பல, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசியவை. ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதே கனத்துச் செம்பு தாங்குவதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது தாங்கும். வெளியே தடிமனாகத் தெரிவதும் பாதிக்குமேல் ரப்பராக இருக்கலாம்.

அடுத்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்கும், வயரைக் காக்காது. என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்துவிட்டால், பல்லடம் ரோட்டுக் குலுக்கலில் தகடு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். பாடியில் பட்ட நொடியில் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இல்லையென்றால் அந்த வயர் முழு நீளத்துக்கும் ஹீட்டர் காயில்தான், கார்பெட்டுக்கு அடியில், உங்கள் காலுக்கு அடியில். பின்னால் துணி ரோல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. கடைக்காரர் மாட்டி முடித்ததும் பானட்டைத் திறக்கச் சொல்லி ஃபியூஸ் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எர்த்துக்கோ பாக்ஸைப் பிடிக்கவோ டிக்கித் தரையில் துளை போடுகிறார்களா? முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் பெட்ரோல் டாங்க் பின் சீட்டுக்கு அடியில்தான், பிரேக் பைப்பும் அங்கேதான் ஓடுகிறது. சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள டிக்கியில் டிரில்லையே எடுக்கக் கூடாது. அதே சமயம் பாக்ஸைச் சும்மா வைத்துவிடவும் கூடாது. 18 எம்.எம். எம்.டி.எஃப். பாக்ஸும் ஸ்பீக்கரும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். அவிநாசி ரோட்டில் முட்டினால் அத்தனையும் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முதுகில்தான் வந்து விழும். பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

மாட்டியதன் பில்லை வாங்கி இன்ஷூரன்ஸில் எழுத வையுங்கள். கார் கம்பெனியிலிருந்து வராத எலெக்ட்ரிக்கல் சாமான்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, எரிந்த பிறகு கேட்டால் கிடைப்பதுமில்லை.

காதைப் பற்றி இந்த ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு. 100 டெசிபெல் என்றால் நாளுக்குக் கால் மணி நேரம். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் ஷிப்ட் முடித்து வருபவரின் காது அன்றைய பங்கை ஏற்கெனவே தின்று முடித்திருக்கும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே தொழில்நோயாகப் பட்டியலிட்டிருந்தது. ஆலையில் பட்டது போதாதா, வீட்டுக்குப் போகும் வழியிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதே காதை அடிக்க வேண்டுமா? இறங்கிய பிறகு காதுக்குள் குய்ங் என்று நின்றால், அன்றைக்கே அளவு மீறிவிட்டது.

நம் லைன் வீடுகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பகலில்தான் தூங்குகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றைச் செங்கல் சுவர். பேஸ் அலைக்கு அந்தச் சுவர் ஒரு தடையே இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. போன் ஆப்பில் அளந்து பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வழக்கமான 'ஏ' அளவுகோல் 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 35 டெசிபெல் கழித்துத்தான் காட்டும். பக்கத்து வீட்டுத் தகரக் கதவு அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். நிறைய ஆம்ப்புகளோடு ஒரு சின்ன பேஸ் நாப் வரும், அதை டிக்கியிலேயே சுருட்டிப் போட்டுவிடுவார்கள். ஸ்டீயரிங் பக்கம் மாட்டச் சொல்லி வாங்குங்கள். சந்துக்குள் வண்டி திரும்பும்போதே கை எட்டிக் குறைத்துவிடலாம்.