ஏலக்காய் ஸ்டோரைப் புதுப்பிப்போம். எடையையும் நிறத்தையும் காப்போம்

போடிநாயக்கனூர் ஏலத்தில் மாதிரித் தட்டைக் கையில் எடுத்தவுடன் வியாபாரி முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். அந்தப் பச்சை நிறம் செடியில் பிறந்தாலும், நிலைப்பதும் கெடுவதும் மலைமேல் உள்ள ஏலக்காய் ஸ்டோரில்தான். போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு பகுதிகளில் காய் எடுப்புக் காலத்தில் பெரும்பகுதி மழையும் மூடுபனியுமாக இருக்கும். வெயிலில் உலர்த்தினாலும் பச்சை வெளுத்துவிடும். ஆகவே வெப்ப அறையே வழி.

பழைய முறை

பழைய ஸ்டோரில் சுவருக்கு வெளியே விறகடுப்பு இருக்கும். அதன் சூடும் புகையும் இரும்புத் தகட்டுக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி, புகைபோக்கியில் வெளியேறும். குழாயின் சூட்டில் அறைக் காற்று சூடாகி, தட்டுகளில் பரப்பிய காயை உலர்த்தும். பறித்த காயில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம் உண்டு. அதை 10 முதல் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கணக்குப் பார்த்தால், 100 கிலோ பச்சைக்காயிலிருந்து சுமார் 78 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியேறினால்தான் 22 கிலோ உலர்காய் கிடைக்கும்.

கோளாறு எங்கே?

வெப்பம் 45 முதல் 55 டிகிரி செல்சியசுக்குள் சீராக இருக்க வேண்டும். காம்பும் பூமுனையும் எளிதில் உதிர, முடிவில் மட்டும் சிறிது நேரம் 60 வரை கூட்டலாம். நள்ளிரவில் அடுப்பைக் கவனிக்காமல் விட்டால் சூடு இறங்கும். அதை ஈடுகட்ட ஒரேயடியாக விறகைத் திணித்தால் காய் மஞ்சளாகும், வெடிக்கும், மணம் தரும் எண்ணெயும் குறையும். குழாய் துருப்பிடித்து இணைப்பு விட்டிருந்தால் புகை வாடை காயில் ஏறும்.

எதை முதலில் மாற்றுவது?

கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. முதலில் ஓட்டைக் குழாய்களை மாற்றி, கரியைத் துடைத்து, கதவிடுக்குகளை அடைக்க வேண்டும். அடுத்து மேல்தட்டில் ஒன்றும் கீழ்த்தட்டில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகள். மூன்றாவது காற்றோட்டம். தொடக்கத்தில் ஈரக்காற்று வெளியேற மேல் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். காய் உலர உலர அவற்றைச் சிறிது சிறிதாக மூடலாம். ஈரக்காற்று தேங்கினால் எவ்வளவு விறகு எரித்தும் பயனில்லை. விசிறி வைத்தால் சூடு எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே சீராகப் பரவும். விறகும் நன்கு காய்ந்ததாக இருக்கட்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அந்த விறகை உலர்த்தவே போய்விடும்.

இதற்குப் பின்னரே எரிவாயு, டீசல், மின்சார உலர்த்திகளைப் பற்றி யோசிக்கலாம். அவற்றில் வெப்பக் கட்டுப்பாடு எளிது, செலவு கூடுதல். சிக்கிமில் பெரிய ஏலக்காயைப் புகையடுப்பில் உலர்த்தும் பழக்கத்துக்கு மாற்றாக, விறகை வாயுவாக்கி எரிக்கும் அடுப்பை டெரி நிறுவனம் உருவாக்கியது. புகையின்றி உலர்ந்த காய்க்கு நிறமும் எண்ணெயும் மேம்பட்டன.

நமக்கு என்ன லாபம்?

15 சதவீத ஈரமுள்ள 100 கிலோ சரக்கு, 10 சதவீதத்துக்கு வந்தால் ஏறத்தாழ 94½ கிலோதான். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 11,000 ரூபாய் தண்ணீருக்குக் கொடுத்ததாகும். உலராத காய் மூட்டையில் பூஞ்சை பிடித்தால் நட்டம் இன்னும் கூடும். நிறம் கெட்ட காய்க்குச் சாயம் ஏற்றுவதோ சட்டவிரோதம். மாதிரி எடுத்தால் மாட்டிக்கொள்பவர் விற்ற கடைக்காரரும்தான்.

எனவே வாங்கும்போது காயைக் குலுக்கிப் பாருங்கள். நன்கு உலர்ந்ததென்றால் விதை கலகலக்கும். ஒன்றிரண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள். கடையில் கறுப்பு பாலித்தீன் உறையிட்ட சாக்கில், வெளிச்சமும் ஈரமும் படாமல் வையுங்கள். நன்றாக உலர்த்திய சரக்குக்கு ஏலத்தில் நாலு காசு கூட்டிக் கொடுங்கள். விலை கிடைக்கும் என்று தெரிந்தால், மலைமேல் ஸ்டோர்கள் தாமாகவே புதுப்பிக்கப்படும்.