அண்டி ஆபீசும் ரப்பர் தோட்டமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அருமனை வட்டாரம் உட்பட, ஏழைக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் சோறு போட்டவை இரண்டு தொழில்கள்: ரப்பர் பால்வெட்டு, முந்திரிப் பருப்பு எடுத்தல். இயந்திரம் இரண்டையும் ஒன்றுபோலத் தொடவில்லை.

‘அண்டி ஆபீஸ்’ எனப்படும் முந்திரி ஆலைகளில் வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். கொட்டையைத் தல்லி உடைத்து, உலர்த்தி, தொலி நீக்கி, தரம் பிரிக்க வேண்டும். ஓட்டு எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும் என்பதால் சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பது வழக்கம். கூலி எடைக்கணக்கில். பருப்பு முழுசாக வந்தால்தான் நல்ல விலை. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நின்றால் அது ‘டபிள்யூ 320’ தரம். பழைய இயந்திரங்கள் பருப்பை நொறுக்கித் தள்ளின. கைவேலை பிழைத்துக் கிடந்தது அதனால்தான். வியட்நாம் அந்தக் குறையைப் படிப்படியாகக் களைந்தது. வெட்டவும் தொலி நீக்கவும் நிறம் பார்த்துப் பிரிக்கவும் இயந்திரம் வைத்து, 2006 வாக்கில் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. கொட்டையை இரு நாடுகளுமே ஆப்பிரிக்காவிலிருந்துதான் பெருமளவு வாங்குகின்றன. போட்டி முழுக்கப் பதனிடும் செலவில்.

ரப்பரில் நிலைமை வேறு. மரங்கள் சரிவில் நிற்கின்றன. பட்டை மரத்துக்கு மரம் மாறும். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் கெடும். பேட்டரிக் கத்தி வந்துவிட்டது, சீனாவில் ரோபோவையும் சோதிக்கிறார்கள். ஆனாலும் மரத்துக்கு மரம் நடக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கிடைப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் கன்னியாகுமரி: ஏறத்தாழ 92 விழுக்காடு. படித்த பிள்ளைகள் விடியுமுன் தோட்டத்துக்குப் போக விரும்புவதில்லை. செவிலியர் வேலை, கடை, வங்கி, வளைகுடா என்று போகிறார்கள்.

இந்த வேலைகள் சேவைத்துறையைச் சேர்ந்தவை. இந்தியாவின் உற்பத்தி மதிப்பில் பாதிக்குமேல் அத்துறையினுடையது. உழைப்பாளர்களிலோ மூன்றில் ஒரு பங்குகூட அதில் இல்லை. அந்தத் துறைக்குப் போவதும் தலைமுறை மாறித்தான் நடக்கிறது. மகள் செவிலியர் ஆகலாம். இருபது ஆண்டு அண்டி தல்லிய தாய்க்கு அதே மருத்துவமனையில் கிடைப்பது, பெரும்பாலும் ஒப்பந்தத் துப்புரவு வேலை. அதுவும் சேவைத்துறைக் கணக்கில்தான் சேரும். ஆகவே இயந்திரம் வாங்கும் முந்திரி ஆலைகள், ஆளைக் குறைக்குமுன் வைப்புநிதியையும் பணிக்கொடையையும் பாக்கியில்லாமல் தீர்க்க வேண்டும். அரசு அதை நின்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.